ஃபுளோரிடாவில் மருத்துவக் கஞ்சா கார்டு: எத்தனை மாதம் குடியிருந்திருக்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இது. நியூ ஜெர்சியிலிருந்து வேலை மாறி ஃபுளோரிடாவின் டாம்பா நகருக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. வாந்தியும் பசியின்மையும் தாங்க முடியாமல் அங்கேயே மருத்துவக் கஞ்சா கார்டு வாங்கியிருந்தார். அந்தக் கார்டு ஃபுளோரிடாவில் செல்லுமா? செல்லாது என்றால், இங்கே கார்டு வாங்க எத்தனை மாதம் குடியிருந்திருக்க வேண்டும்? ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் உங்கள் மாமியாரின் மூட்டுவலிக்கும் ஒரு கார்டு வாங்க முடியுமா? நீங்கள் எச்1பி என்ற வேலை விசா, மனைவி எச்4, அதாவது உங்களைச் சார்ந்து வருகிற விசா.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சி கார்டு இங்கே செல்லாது. ஃபுளோரிடாவில் மாதக் கணக்கு எதுவும் இல்லை; நேற்று குடிவந்தவரும் இன்று விண்ணப்பிக்கலாம். மாமியாருக்குக் கிடைப்பது கடினம். ஆனால் உங்கள் மனைவி எச்4 விசாவில் இருப்பதால், கார்டுக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், தயவுசெய்து அதுவரை படியுங்கள்.

நான் இங்கே ஒரு கிளினிக்கின் முன்மேசையில் இந்தக் கார்டு விண்ணப்பங்களைப் பார்க்கிற வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது உங்கள் கேள்விதான். கல்லூரிக் கட்டணத்தில் உள்ளூர்ச் சலுகை வாங்க ஒரு வருடம் குடியிருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அதே கணக்கு இதற்கும் உண்டு என்று நினைத்து, வலியோடு மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

குடியிருப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. இப்போது நீங்கள் இந்த மாநிலத்தில்தான் வாழ்கிறீர்களா என்பது ஒன்று. எவ்வளவு காலமாக வாழ்கிறீர்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்வியை மாநிலங்கள் தாராளமாகக் கேட்கலாம். இரண்டாவதைக் கேட்கும்போது நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 1971 ஜூனில் ஆஸ்துமாவும் மூச்சுக்குழல் நோயும் உள்ள ஒருவர் நியூ மெக்சிகோவிலிருந்து அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்குக் குடிபோனார். அடுத்த மாதமே மூச்சுத்திணறல் வந்து தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். ஏழைகளுக்கான இலவச சிகிச்சைக்குக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) மருத்துவமனைக்கு மாற்றக் கேட்டபோது, கவுண்டியில் ஒரு வருடம் குடியிருந்திருந்தால்தான் எடுப்போம் என்று மறுத்தார்கள். 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஒரு வருட விதியைச் செல்லாது என்றது. நாட்டுக்குள் எங்கும் போய்க் குடியேற மக்களுக்கு உரிமை இருக்கிறது, புதிதாக வந்ததற்காக மருத்துவத்தை மறுத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பது அதன் சாரம். கஞ்சா கார்டைப் பற்றிய தீர்ப்பு இல்லை அது. ஆனாலும், நீங்கள் இப்போது எங்கே வாழ்கிறீர்கள் என்பதையே கார்டு விதிகள் பிடித்துக்கொண்டு நிற்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

சரி, மருந்துக்கு ஏன் இந்த முகவரிச் சோதனை? சாதாரண மருந்துச்சீட்டுக்கு யாரும் குடியிருப்புச் சான்று கேட்பதில்லையே. அமெரிக்க ஒன்றிய அரசு 1970-ல் கொண்டுவந்த சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. அதில் இருக்கிற பொருளை மருத்துவர் மருந்துச்சீட்டில் எழுத முடியாது. 1996-ல் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பில் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தபோது இதற்கு ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். மருத்துவர் சீட்டு எழுத மாட்டார், “இவருக்கு இது பலன் தரலாம்” என்று பரிந்துரை மட்டும் செய்வார். அதை வைத்து மாநிலம் தன் பங்குக்குப் பாதுகாப்புத் தரும். பிறகு வந்த மாநிலங்கள் அதைப் பதிவேடாகவும் கார்டாகவும் ஆக்கிக்கொண்டன. பாதுகாப்பு தருவது மாநிலம் என்பதால் அது மாநில எல்லையோடு முடிகிறது. 2013-ல் ஒன்றிய அரசின் நீதி அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்றும், ஒரு மாநிலத்தின் கஞ்சா இன்னொரு மாநிலத்துக்குள் கசியக் கூடாது என்பதைத் தன் முக்கியக் கவலைகளில் ஒன்றாகச் சொன்னது. அந்தச் சுற்றறிக்கையை 2018 ஜனவரியில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். முகவரி கேட்கும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

இதிலிருந்து உங்களுக்கு உடனடியாக ஒன்று: நியூ ஜெர்சியில் வாங்கி மிச்சமிருப்பது எதையும் பெட்டியில் வைத்து எடுத்து வராதீர்கள். மாநில எல்லையைத் தாண்டிய உடனே அது ஒன்றிய அரசின் குற்றக் கணக்கில் சேர்ந்துவிடும், இரண்டு பக்கமும் கார்டு இருந்தாலும் அப்படித்தான்.

இப்போது ஃபுளோரிடா. 2016-ல் மக்கள் வாக்களித்து அரசமைப்பில் சேர்த்த திட்டம் இது. 2024 நவம்பரில், 21 வயதான எல்லோருக்கும் அனுமதிக்கலாமா என்று இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 56 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், தேவை 60. அதனால் இங்கே இன்றும் கார்டு மட்டுமே வழி. புற்றுநோய் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது, ஆகவே நோய்த் தகுதியில் உங்கள் மனைவிக்குச் சிக்கல் வராது. இதற்கென்று பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் முதல் தடவை நேரில் பார்த்துப் பரிசோதித்து, மாநிலப் பதிவேட்டில் பெயரை ஏற்றுவார். அப்புறம் நீங்கள் இணையத்தில் 75 டாலர் கட்டி, புகைப்படமும் குடியிருப்புச் சான்றும் கொடுக்க வேண்டும். கார்டு ஒரு வருடம் செல்லும். அதற்கான மருத்துவரின் கட்டணம் தனி, காப்பீடு அதைக் கொடுக்காது.

நிரந்தரமாக இங்கே வாழ்கிறவர் கொடுக்க வேண்டிய சான்று ஒன்றே ஒன்று: ஃபுளோரிடா டிரைவர் லைசென்ஸ், அல்லது வண்டி ஓட்டாதவர் என்றால் ஃபுளோரிடா அடையாள அட்டை. அந்த எண் இருந்தால் போதும். வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ அதற்கு மேல் தேவையில்லை. அதாவது குடியிருப்புச் சோதனை உண்மையில் நடப்பது கார்டு அலுவலகத்தில் இல்லை, லைசென்ஸ் கவுண்டரில். நீங்கள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே இந்த மாநிலச் சட்டப்படி குடியிருப்பவர் ஆகிவிட்டீர்கள், 30 நாளுக்குள் லைசென்ஸை மாற்றியிருக்க வேண்டும். ஆறு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். கார்டு விஷயம் எப்படிப் போனாலும் இதை இந்த வாரமே முடியுங்கள்.

எச்4 விசாவில் இருக்கும் மனைவிக்கு லைசென்ஸ் கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம், கிடைக்கும். பாஸ்போர்ட், ஐ-94 என்ற நாட்டுக்குள் நுழைந்த பதிவு, எச்4 ஒப்புதல் கடிதம் எல்லாம் எடுத்துப் போக வேண்டும். விசா முடியும் தேதியோடு லைசென்ஸும் முடியும்படி கொடுப்பார்கள். முகவரிக்கு இரண்டு ஆதாரம் கேட்பார்கள். நம் வீடுகளில் அங்கேதான் இடிக்கும். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில், கரண்ட் பில் கணவர் பெயரில், வங்கிக் கடிதமும் கணவர் பெயரில். மனைவி பெயரில் வீட்டுக்கு ஒரு காகிதம்கூட வந்திருக்காது. நீங்கள் உங்கள் ஆதாரங்களோடு கூடவே போய், இவர் என்னோடு இந்த முகவரியில் வசிக்கிறார் என்று அவர்கள் தரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வார்கள். அதோடு வங்கிக் கணக்கில் அவர் பெயரையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். இந்த நாட்டில் பெண்களுக்கு முகவரி என்று ஒன்று காகிதத்தில் இருப்பது கார்டு தாண்டியும் பல இடங்களில் கைகொடுக்கும்.

இன்னொன்று, தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை. இனிஷியலோடு வளர்ந்த நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியாது என்று பொருள். அது லைசென்ஸிலும் அப்படியே ஏறும். ஒரு முறை நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். லைசென்ஸில் எஃப்என்யூ, பின்னால் அவருடைய பெயர். மருத்துவர் அறையில் பதிவேட்டில் ஏற்றியவர், அந்த மூன்று எழுத்தைப் பிழை என்று நினைத்து நீக்கிவிட்டு, அவர் அப்பா பெயரைக் கேட்டு எழுதிவிட்டார். விண்ணப்பம் திரும்பி வந்தது. என் மேசையில் லைசென்ஸையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகத் திருத்தினோம். அந்த அம்மா மூன்று வாரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் அறையைவிட்டு வெளியே வருவதற்கு முன், பதிவேட்டில் பெயர் லைசென்ஸில் உள்ளபடியே இருக்கிறதா என்று திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். முகவரியையும் பாருங்கள், அடுக்குமாடி வீட்டு எண் விட்டுப்போயிருக்கும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். ஃபுளோரிடா சட்டத்தில் பருவகாலக் குடியிருப்பவர் என்று ஒரு வகை இருக்கிறது. குளிர்காலத்தில் நியூயார்க்கிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் பெரியவர்கள் இங்கே வந்து சில மாதம் தங்குவார்கள், அவர்களுக்காக எழுதப்பட்டது. ஃபுளோரிடா லைசென்ஸ் இல்லாமலே, முகவரி காட்டும் இரண்டு ஆவணங்களைக் கொடுத்து அவர்கள் விண்ணப்பிக்கலாம்: வாடகை ஒப்பந்தம், இரண்டு மாதத்துக்கு மேற்படாத கரண்ட் பில், வங்கியிலிருந்தோ அரசு அலுவலகத்திலிருந்தோ வந்த கடிதம், இப்படி. உடன் தங்கியிருக்கிறவர் தரும் உறுதிமொழியும் அவருடைய முகவரிச் சான்றும்கூட ஒரு ஆவணமாகக் கணக்கில் வரும். இதைப் படித்துவிட்டுத்தான் பல பிள்ளைகள் அப்பா அம்மாவை அழைத்து வருகிறார்கள். ஆனால் அந்த வகைக்குள் வர நான்கு நிபந்தனைகள் சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் தொடர்ந்து 31 நாளாவது இங்கே தங்க வேண்டும், இங்கே தற்காலிக வீடு இருக்க வேண்டும், வருடத்தில் ஒரு தடவையாவது சொந்த மாநிலத்துக்குத் திரும்ப வேண்டும், அதோடு வேறொரு மாநிலத்திலோ ஆட்சிப் பகுதியிலோ வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும் அல்லது அங்கே வருமான வரி கட்ட வேண்டும். சுற்றுலா விசாவில் எப்போதாவது வந்து போகிறவர் முதல் நிபந்தனையிலேயே இடறுவார்.   அதோடு, நான் நிரந்தரமாக இங்கே வாழ்கிறேன் என்று சுற்றுலா விசாக்காரர் எந்தப் படிவத்திலாவது எழுதினால், திரும்பிப் போவேன் என்று தூதரகத்தில் சொன்ன வார்த்தைக்கு நேர் எதிராகிவிடும். மூட்டுவலிக்கு எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். யாராவது கொடுத்தார்கள் என்று கஞ்சா எண்ணெய் எதையும் அவர் கைப்பையில் ஊருக்குக் கொடுத்தனுப்பி விடாதீர்கள். சென்னை விமான நிலையத்தில் அது 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் பொருள், அமெரிக்க மருத்துவரின் காகிதம் அங்கே உதவாது.

எல்லா மாநிலமும் ஃபுளோரிடா போல இல்லை. பென்சில்வேனியா தன் மாநிலத்தவருக்கு மட்டும்தான் கொடுக்கும், வெளிமாநிலக் கார்டை மதிக்காது. நியூயார்க், அங்கே சிகிச்சைக்காகத் தங்கியிருக்கும் வெளியூர் நோயாளியையும் சேர்த்துக்கொள்ளும். மனிதாபிமானம் உள்ள விதி என்று எனக்குப் படுகிறது, எல்லா மாநிலமும் இதையே எழுதியிருக்கலாம். ஹவாய் வேறு மாநிலக் கார்டு வைத்திருப்பவருக்கு 60 நாளுக்கு ஒரு தற்காலிகக் கார்டு தரும், வருடத்துக்கு இரண்டு தடவை. ஓக்லஹோமாவும் அப்படித் தற்காலிக உரிமம் தருகிறது, 100 டாலர். அரிசோனா, குடியேறி 30 நாள் ஆகாதவரையும் வருகைதரும் நோயாளி என்றே கருதும். நாள் கணக்கு என்று விதிகளில் நான் பார்த்த அபூர்வமான இடம் அது, அதுவும் புதிதாக வந்தவருக்குச் சாதகமாக எழுதப்பட்டது. தலைநகர் வாஷிங்டனில் 21 வயதான வெளியூர்க்காரர் மருத்துவர் இல்லாமல் தானே உறுதிமொழி கொடுத்துச் சில நாளுக்கான பதிவு வாங்கலாம். கலிபோர்னியாவில் 2016-க்குப் பிறகு 21 வயதானால் போதும், கடையில் வயதுக்கான அடையாள அட்டையைத்தான் பார்ப்பார்கள்.

நியூ மெக்சிகோவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. 2019-ல் அங்கே சட்டத்தைத் திருத்தியபோது, தகுதியுள்ள நோயாளி என்பதன் விளக்கத்தில் நியூ மெக்சிகோவில் குடியிருப்பவர் என்று இருந்ததை எடுத்துவிட்டு வெறுமனே நபர் என்று எழுதிவிட்டார்கள். அங்கே மருத்துவக் கஞ்சா விற்கும் அல்ட்ரா ஹெல்த் நிறுவனத்தின் தலைவர் டியூக் ரோட்ரிகஸ் அரிசோனாவில் வசிப்பவர். அவரும் டெக்சாஸைச் சேர்ந்த இரண்டு பேரும் எங்களுக்கும் கார்டு கொடு என்று வழக்குப் போட்டார்கள். சாண்டா ஃபே நீதிபதி சட்டத்தில் உள்ளதைப் படித்து, கொடுக்கத்தான் வேண்டும் என்றார். வெளிமாநிலத்தவர் கார்டு வாங்கத் தொடங்கினார்கள். 2020-ல் சட்டமன்றம் குடியிருப்பு நிபந்தனையைத் திரும்பவும் உள்ளே எழுதியது. அதனால் இணையத்தில் அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட பழைய ஆலோசனைகளை நம்பி நியூ மெக்சிகோவுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். எந்த மாநிலத்தில் இருந்தாலும் எங்கள் கார்டு செல்லும் என்று இணையத்தில் விற்கிறவர்களையும் நம்பாதீர்கள். அப்படிப் பணம் கட்டிவிட்டு வந்து கார்டை என் மேசையில் வைத்தவர்களுக்கு, இது வெறும் பிளாஸ்டிக் என்று சொல்ல வேண்டியிருந்தது.

டெக்சாஸில் கார்டே கிடையாது. 2015-ல் வந்த சட்டப்படி மருத்துவர் மாநிலப் பதிவேட்டில் பெயரை ஏற்றினால், நோயாளி தன் அடையாளத்தைக் காட்டி மருந்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் நோயாளி மாநிலத்தின் நிரந்தரக் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்கிறது. ஹூஸ்டனிலிருந்து என் உறவினர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, எனக்குக் கிரீன் கார்டு இல்லையே என்று போனில் அழாத குறையாகச் சொன்னார். அது குடியுரிமைத் துறையின் நிரந்தரக் குடியிருப்பு இல்லை, டெக்சாஸில்தான் உங்கள் வீடு இருக்கிறது என்பது மட்டுமே பொருள் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. ஒரே சொல்லை இரண்டு அரசுகள் இரண்டு அர்த்தத்தில் வைத்திருக்கின்றன.

இனி முதலில் சொன்ன அந்த வேலை. கார்டுக்குக் குடியுரிமை தேவையில்லை, விசா வகையையும் ஃபுளோரிடா கேட்காது. ஆனால் உங்கள் மனைவியின் விசாவைக் கையில் வைத்திருப்பது ஃபுளோரிடா இல்லை, ஒன்றிய அரசு. குடிவரவுச் சட்டத்தில், ஒன்றிய அரசின் போதைப்பொருள் சட்டத்தை மீறியதாக ஒருவர் தானே ஒப்புக்கொண்டாலே உள்ளே விட மறுக்கலாம், வழக்கோ தண்டனையோ தேவையில்லை. விமான நிலையத்தில் கேட்கப்படும் ஒரு கேள்விக்குச் சொல்லும் பதிலே போதும். கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையிலும் போதைப்பொருள் பயன்பாடு பற்றிக் கேட்பார்கள். 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை வெளிப்படையாகவே அறிவித்தது: மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், கஞ்சா தொடர்பு குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தையைப் பாதிக்கும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. கீமோ எடுக்கிற ஒரு பெண்ணின் வாந்திக்கும் அவர் நாட்டில் இருக்கலாமா என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. ஆகவே கஞ்சா மருத்துவருக்கு முன்னால் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள், நியூ ஜெர்சி கார்டையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். அதிகாரியிடம் எந்த நிலையிலும் பொய் சொல்லாதீர்கள், பொய் தனிக் குற்றம். எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று வழக்கறிஞர் சொல்லித் தரட்டும்.

அதுவரை மனைவி வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? வேண்டாம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். டிரோனபினால் என்று ஒரு மருந்து இருக்கிறது. கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற அதே பொருளைச் செயற்கையாகத் தயாரித்து மாத்திரையாக்கியது, கீமோவில் வரும் குமட்டலுக்கு மற்ற மருந்துகள் கேட்காதபோது கொடுப்பது. 1985-லேயே ஒன்றிய அரசின் மருந்துத் துறை அனுமதித்துவிட்டது. மருத்துவர் சாதாரண மருந்துச்சீட்டில் எழுதலாம், தெருமுனை மருந்துக்கடையில் வாங்கலாம். கார்டு வேண்டாம், பதிவேடு வேண்டாம், குடியிருப்புச் சான்று வேண்டாம். ஒன்றிய சட்டப்படியே முறையான மருந்து என்பதால் விசாவுக்கும் கஞ்சா கார்டு தருகிற தலைவலி இதில் இல்லை. அடுத்த சந்திப்பிலேயே புற்றுநோய் மருத்துவரிடம் இதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நபிலோன் என்று இன்னொன்றும் உண்டு. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, தலைசுற்றல் வரலாம், மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கேட்காமல் விட்டுவிடாதீர்கள், பல மருத்துவர்கள் தானாக இதை எடுத்துச் சொல்வதில்லை.

வழக்கறிஞர் சரி என்று சொல்லிக் கார்டு வழியில் போவதானால், ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கீமோ முடிந்த நாட்களில் மனைவியால் கடைக்குப் போக முடியாது, நீங்கள்தான் அவருக்காக வாங்க வேண்டிவரும். அதற்கு நீங்கள் பராமரிப்பாளராகத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும், பராமரிப்பாளரும் ஃபுளோரிடாவில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே லைசென்ஸ் அலுவலகத்துக்கு இரண்டு பேரும் ஒரே நாளில் போங்கள். அடுத்த கீமோவுக்கு முந்தைய வாரத்தில், அவருக்குத் தெம்பு இருக்கும் ஒரு காலை நேரமாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். நியூ ஜெர்சி லைசென்ஸை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் அதன் இரண்டு பக்கத்தையும் முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.